சத்து மாத்திரை, பவுடர், டானிக்: மெடிக்கல் கவுண்டரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு மெடிக்கலில் மருந்தாளுநராக இருக்கிறேன். காய்ச்சல், சளி என்று வருகிறவர்களைவிட "சத்துக்கு ஏதாவது குடுங்க" என்று வருகிறவர்கள் அதிகமாக இருக்கும் நாட்களும் உண்டு. ராயபுரம், கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டை என்று எங்கிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். கடையில் கூட்டம் நிற்கும்போது பாதி பதில்தான் சொல்ல முடிகிறது. மீதியையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறேன். கேள்விகளை அவரவர் கேட்டபடியே விட்டிருக்கிறேன்.

"சப்ளிமெண்ட்னா இன்னா சார்? மருந்தா, சாப்பாடா?"

சட்டப்படி சாப்பாடு. எஃப்எஸ்எஸ்ஏஐ எனும் உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-ல் இதற்கென்று தனி விதிமுறை கொண்டுவந்தது. டப்பா மேல் 'ஹெல்த் சப்ளிமெண்ட்' என்றும், 'மருத்துவப் பயன்பாட்டுக்கு அல்ல' என்றும் ஆங்கிலத்தில் அச்சிட்டிருக்கும். 14 இலக்க உரிம எண் இருக்கும். சர்க்கரையைக் குணப்படுத்தும், மூட்டுவலியைப் போக்கும் என்றெல்லாம் அதில் எழுதக் கூடாது. எழுதியிருந்தால் அந்த டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.

ஒரே பொருள் இரண்டு வேஷத்திலும் வருவதால்தான் குழப்பம். டாக்டர் சீட்டில் எழுதும் இரும்பு மாத்திரை மருந்து. பக்கத்து ஷெல்ஃபில் பூ, பழம் படம் போட்ட டப்பாவில் இருக்கும் இரும்புச்சத்து காப்ஸ்யூல் உணவு. ஒரு புது மருந்து கடைக்கு வருவதற்கு முன், அது நோயாளிகளிடம் வேலை செய்கிறது என்று காட்டியாக வேண்டும். உணவுக்கு அந்தப் பரீட்சை கிடையாது.

"உடம்புக்கு ஒண்ணுமே இல்லாதவங்ககூட ஏன் வாங்குறாங்க?"

நான் அதிகம் யோசித்த கேள்வி இதுதான். அமெரிக்காவில் 2007 முதல் 2010 வரை எடுத்த தேசிய உடல்நலக் கணக்கெடுப்பில் இதையே கேட்டிருக்கிறார்கள். 'உடம்பு பொதுவாக நல்லா ஆகணும்' என்று சொன்னவர்கள் 45 சதவீதம். 'இருக்கிற ஆரோக்கியம் கெடாமல் இருக்கணும்' என்றவர்கள் 33 சதவீதம். அவர்கள் வாங்கிய சப்ளிமெண்ட்களில் டாக்டரோ நர்ஸோ சொல்லி வாங்கியவை கால்வாசிகூட இல்லை. ஆக, நோய்க்கு வாங்குகிறவர்களைவிட நிம்மதிக்கு வாங்குகிறவர்கள்தான் அதிகம்.

நம் ஊரில் இதோடு வேறு சில காரணங்களும் சேர்கின்றன. எம்.சி. ரோடு துணிக்கடையில் வேலை பார்க்கும் பெண்கள் கால் வலிக்குக் கால்சியம் கேட்டு வருவார்கள். காலையிலிருந்து ராத்திரி வரை நின்றால் யாருக்கும் கால் வலிக்கும், அதில் கால்சியத்துக்கு வேலையில்லை. கடைகளில் உட்கார நாற்காலி தர வேண்டும் என்று 2021-லேயே தமிழ்நாட்டில் சட்டத் திருத்தம் வந்துவிட்டது. ஆனால் முதலாளியிடம் போய் நாற்காலி கேட்பதைவிட என்னிடம் ஒரு அட்டை கால்சியம் கேட்பது அந்தப் பெண்ணுக்குச் சுலபம். காசிமேட்டில் விடிவதற்கு முன் ஏலத்துக்கு நிற்பவர், மணலியில் நைட் ஷிஃப்ட் பார்ப்பவர், எல்லாரும் தூக்கத்துக்குப் பதிலாகத்தான் தெம்பு மாத்திரை கேட்கிறார்கள். இதை முட்டாள்தனம் என்று நான் சொல்ல மாட்டேன். லீவு கிடைக்காது, மாத்திரை கிடைக்கும்.

அப்புறம் பயம், பாசம், வெட்கம். டிவியில் பார்த்த பயம், பிள்ளை இளைத்துவிட்டானே என்ற பாசம், சொந்தக்காரர் விற்கும்போது வேண்டாம் என்று சொல்ல வெட்கம். கீழே வரும் கேள்விகளில் பாதி இந்த மூன்றில் ஒன்றில்தான் போய் முடியும்.

"எப்பப் பாத்தாலும் அசதியா இருக்குண்ணா. ஒரு மல்டிவைட்டமின் போட்டா சரியாயிடும்ல?"

ஆகலாம், ஆகாமலும் போகலாம். அசதிக்குக் காரணம் ரத்தசோகையா, தைராய்டா, சர்க்கரையா, தூக்கமின்மையா, மனச்சோர்வா என்று எனக்கும் தெரியாது, மாத்திரைக்கும் தெரியாது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருக்கிறது. அதாவது, என் கவுண்டர் முன்னால் நிற்கும் இரண்டு பெண்களில் ஒருவருக்கு இருக்கலாம். அதற்கு வேண்டியது சரியான அளவில் இரும்பு. மல்டிவைட்டமினில் இரும்பு கொஞ்சம்தான் இருக்கும், சிலவற்றில் சுத்தமாக இருக்காது.

அதனால் முதலில் ஹீமோகுளோபின் பாருங்கள். மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் ஓ.பி. சீட்டு போட்டும் பார்க்கலாம், வரிசையில் நிற்கும் பொறுமை மட்டும் வேண்டும். மாதவிடாய் ரத்தப்போக்கு அதிகம் என்றால் அதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். பல பெண்கள் அதை 'எல்லாருக்கும் அப்படித்தானே' என்று விட்டுவிடுகிறார்கள்.

"கார்ப்பரேஷன் ஆஸ்பத்திரியில ஃப்ரீயா தர்ற இரும்பு மாத்திரை வேலை செய்யுமா? காசு குடுத்து வாங்குறதுதானே நல்லது?"

அதே இரும்புதான். கர்ப்பிணிகளுக்குத் தரும் அரசு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் இருக்கின்றன. 180 நாள் தினமும் ஒன்று என்பது திட்டம். ஆர்.எஸ்.ஆர்.எம். அரசு மகப்பேறு மருத்துவமனையில் வாங்கிய மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு, என்னிடம் வந்து நானூறு ரூபாய் டானிக் கேட்பவர்கள் உண்டு.

விலை அதிகம் என்றால் வேலையும் அதிகம் செய்யும் என்ற நினைப்பு நமக்கு மட்டும் உள்ளதல்ல. 2008-ல் அமெரிக்காவில் ஒரு சோதனை நடத்தினார்கள். மருந்தே இல்லாத போலி மாத்திரையைத்தான் எல்லாருக்கும் கொடுத்தார்கள். சிலரிடம் ஒரு மாத்திரை இரண்டரை டாலர் என்றார்கள், சிலரிடம் பத்து சென்ட் என்றார்கள். இரண்டரை டாலர் கூட்டத்தில் 85 சதவீதம் பேர் வலி குறைந்தது என்றார்கள், பத்து சென்ட் கூட்டத்தில் 61 சதவீதம் பேர். இரண்டிலும் உள்ளே இருந்தது ஒன்றுமில்லை.

இலவச மாத்திரையை நிறுத்துவதற்கு இன்னொரு காரணம் வயிற்றுப் பிரட்டலும் கறுப்பாகப் போகும் மலமும். மலம் கறுப்பது இயல்பு, பயப்பட வேண்டாம். வயிற்றைப் பிரட்டினால் சாப்பிட்ட பிறகு போடுங்கள், எலுமிச்சை ஜூஸோடு போட்டால் நன்றாகச் சேரும். டீயோடு மட்டும் வேண்டாம், ஒரு மணி நேரமாவது இடைவெளி விடுங்கள். டீ இரும்பை உடம்பில் சேர விடாது.

"போட்ட ரெண்டு நாள்லயே தெம்பு வந்துடுச்சே! அப்ப வேலை செய்யுதுன்னுதானே அர்த்தம்?"

தெம்பு வந்தது நிஜமாக இருக்கலாம், மாத்திரையால் வந்ததா என்பதுதான் கேள்வி. ரொம்ப முடியாமல் போகிற அன்றைக்குத்தான் நாம் கடைக்கு வருவோம். அதற்கு அடுத்த நாட்கள் தானாகவே கொஞ்சம் நன்றாகத்தான் இருக்கும். மாத்திரை வாங்கிய கையோடு நேரத்துக்குச் சாப்பிடுவோம், சீக்கிரம் படுப்போம். முந்தின கேள்வியில் சொன்ன போலி மாத்திரை விஷயமும் இதில் சேரும். இரும்பு போட்டால் ஹீமோகுளோபின் ஏறச் சில வாரங்கள் ஆகும், ரெண்டு நாளில் ஏறாது. பி-காம்ப்ளெக்ஸ் போட்டதும் சிறுநீர் பளிச்சென்று மஞ்சளாகப் போகும். அதைப் பார்த்து 'சத்து ஏறுது' என்பார்கள். உடம்பு வேண்டாம் என்று தள்ளிய வைட்டமின் பி2 அது.

தைவானில் 2011-ல் வெளியான ஆய்வு ஒன்றும் நினைவுக்கு வருகிறது. ஒன்றுமில்லாத மாத்திரையை 'இது மல்டிவைட்டமின்' என்று சொல்லிக் கொடுத்தவர்கள், மற்றவர்களைவிடக் குறைவாக உடற்பயிற்சி செய்யவும், ஆரோக்கியமான சாப்பாட்டை விட்டு பஃபேயைத் தேர்ந்தெடுக்கவும் விரும்பினார்களாம். சத்து மாத்திரை போட்டாச்சு, இன்னிக்கு பரோட்டா சாப்பிடலாம் என்கிற நம்மூர்க் கணக்கேதான்.

"கொரோனாவுலேருந்து ஜிங்க், வைட்டமின் சி விடாம போடுறோம். நிறுத்தலாமா?"

டாக்டர் வேறு காரணத்துக்குச் சொல்லாதவரை, நிறுத்தலாம். கொரோனா வந்தவர்களுக்கே அதிக அளவில் ஜிங்க்கும் வைட்டமின் சி-யும் கொடுத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வு 2021-ல் வெளியானது. அறிகுறிகள் நீடித்த காலம் குறையவில்லை. ஜிங்க்கை அதிக அளவில் பல மாதம் போட்டால் உடம்பில் தாமிரச்சத்து குறையும்.

"எங்க தெருவுல ஒரு அக்கா வீட்டுக்கே வந்து ஷேக் பவுடர் விக்குறாங்க. அவங்க பத்து கிலோ குறைஞ்சாங்களாம். வாங்கலாமா?"

அந்த அக்கா குறைந்திருப்பார்தான். ராத்திரிச் சாப்பாட்டை விட்டுவிட்டு ஒரு டம்ளர் ஷேக் குடித்தால் யாரும் குறைவார்கள். ஷேக்கை நிறுத்தியதும் எடை திரும்பி வந்ததா என்று அடுத்த வருஷம் கேளுங்கள்.

இந்த வியாபாரம் ஓடுவது பவுடரால் அல்ல, உறவால். சீட்டு கட்டும் அக்கா, சர்ச்சில் பக்கத்தில் உட்காரும் அக்கா வந்து கேட்கும்போது விலை கேட்கவே கூச்சமாக இருக்கும். வாங்குகிறவர்களில் பலர் கொஞ்ச நாளில் அவர்களே விற்க ஆரம்பிப்பார்கள். கையில் தேங்கிய டப்பாக்களை என் கடையில் வைத்து விற்றுத் தரச் சொல்லி வந்தவர்கள் இருக்கிறார்கள். வருமானம் வரும் என்று நம்பித்தான் முதல் டப்பாவையே வாங்கியிருக்கிறார்கள்.

நேரடி விற்பனைக்கு 2021 டிசம்பரில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் விதிகள் வந்திருக்கின்றன. ஆள் சேர்த்தால் பணம் என்கிற பிரமிட் திட்டம் கூடாது. 'இன்னும் நாலு பேரைச் சேர்த்தால் உங்க காசு திரும்பி வரும்' என்று சொல்லி விற்கக் கூடாது. அடையாள அட்டை இல்லாமல், முன்கூட்டியே சம்மதம் வாங்காமல் வீட்டுக்கு வரக் கூடாது. அப்பாயின்ட்மெண்ட் வாங்கிக்கொண்டு வந்த அக்காவை நான் இதுவரை பார்த்ததில்லை. வேண்டாம் என்று சொல்லக் கூச்சமாக இருந்தால் என் பெயரைச் சொல்லுங்கள், "மெடிக்கல்காரர் டாக்டரைக் கேட்டுட்டுத்தான் சாப்பிடணும்னுட்டார்" என்று.

"தம்பி ஜிம்முக்குப் போறான். மாஸ்டர் புரோட்டீன் பவுடர் வாங்கச் சொல்றாராம். தேவையா?"

குத்துச்சண்டையும் கால்பந்தும் ஊறிய ஏரியா நம்முடையது, இந்தக் கேள்வி வராமல் இருக்காது. சாதாரண ஆளுக்கு ஒரு நாளைக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் என்பது இந்தியப் பரிந்துரை. 60 கிலோ பையனுக்கு 50 கிராம். கடுமையாகப் பயிற்சி செய்தால் இதைவிடக் கூடுதலாக வேண்டும். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் மீனில் சுமார் 20 கிராம், நூறு கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், நூறு கிராம் காய்ந்த மீல் மேக்கரில் 50 கிராம் இருக்கிறது. காசிமேட்டுப் பக்கத்திலேயே இருந்துகொண்டு புரதத்துக்குப் பவுடர் டப்பாவைத் தேடுவது எனக்குச் சிரிப்பாகத்தான் இருக்கும். ஐசிஎம்ஆர் எனும் இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில் 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டுதலும் உடம்பு ஏற்றப் புரோட்டீன் பவுடர் வேண்டாம் என்றே சொல்கிறது.

பவுடர் விஷமும் இல்லை. நல்ல கம்பெனி வே புரோட்டீன் என்பது பாலிலிருந்து எடுத்த புரதம்தான். வேலைக்கு ஓடும் பையன் சமைக்க நேரமில்லை என்று ஒரு ஸ்கூப் கலக்கிக் குடித்தால் நான் தடுக்க மாட்டேன், சிறுநீரகப் பிரச்சினை இல்லை என்றால். பயம் வேறு இடத்தில். ஜிப் கவரில் கட்டி, லேபிள் இல்லாமல், 'இது இம்போர்ட்டட், பாதி விலை' என்று ஜிம்மிலேயே விற்பதை வாங்க வேண்டாம். உடம்பு ஏற்ற ஸ்டீராய்டு ஊசி என்ற பேச்சு வந்தால் ஜிம்மையே மாற்றச் சொல்லுங்கள்.

"பையன் ஒழுங்கா சாப்பிடவே மாட்டேங்குறான். பால்ல கலக்குற பவுடர் எதுனா நல்லது?"

வைட்டமின் பட்டியலைப் பார்ப்பதற்கு முன், பின்பக்கத்தில் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். 'ஹெல்த் டிரிங்க்' என்று ஒரு வகையே உணவுச் சட்டத்தில் இல்லை. 2024 ஏப்ரலில் ஆன்லைன் கடைகளில் இருந்து அந்தத் தலைப்பை எடுக்கச் சொல்லி மத்திய அரசு அறிவுறுத்தியதும், பெரிய பிராண்டுகள் பெயர்ப்பலகையை மாற்றிக்கொண்டன. டப்பாவுக்குள் இருப்பது பெரிதாக மாறிவிடவில்லை.

பையன் சாப்பிடாததற்குப் பூச்சி காரணமாக இருக்கலாம். பிப்ரவரியிலும் ஆகஸ்ட்டிலும் பள்ளி, அங்கன்வாடியில் குடற்புழு நீக்க மாத்திரை இலவசமாகத் தருகிறார்கள். சாப்பாட்டுக்கு முன் ஐந்து ரூபாய் சிப்ஸ் தின்றிருந்தாலும் பசிக்காது. அவன் எடை, உயரம் வயதுக்குச் சரியாக இருக்கிறதா என்று அங்கன்வாடியிலோ டாக்டரிடமோ பாருங்கள். சரியாக இருந்தால் அவன் ஒல்லியாக இருக்கிறான், அவ்வளவுதான்.

'ஒரே மாசத்தில் குண்டாகும்' என்று விற்கும் பவுடரும் லேகியமும் வேண்டவே வேண்டாம். அவற்றில் ஸ்டீராய்டு கலப்பது பழைய தந்திரம். முகம் உப்பும், பசி எடுக்கும், அம்மாவுக்குச் சந்தோஷமாக இருக்கும். உள்ளே எலும்பும் நோய் எதிர்ப்புச் சக்தியும் கெடும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. ஏற்கெனவே கொடுத்துக்கொண்டிருந்தால் டப்பாவோடு டாக்டரைப் பாருங்கள்.

"நாட்டு மருந்துன்னா சைடு எஃபெக்ட் கிடையாதுல்ல?"

வேலை செய்கிற எதற்கும் பக்க விளைவு இருக்க வாய்ப்பு உண்டு. கொரோனா காலத்தில் சீந்தில் தினமும் குடித்துக் கல்லீரல் பாதித்தவர்களைப் பற்றி மும்பை டாக்டர்கள் 2021-ல் எழுதினார்கள். அமுக்கரா காப்ஸ்யூலாலும் அப்படி நடந்ததாகப் பதிவுகள் இருக்கின்றன. எல்லாருக்கும் வராது. ஆனால் கண் மஞ்சளாகி, சிறுநீர் அடர்ந்து போனால், 'அது மூலிகைதானே' என்று டாக்டரிடம் சொல்லாமல் விடாதீர்கள். ரசத்தில் போடும் மிளகும் சீரகமும் இந்தக் கணக்கில் வராது.

"மச்சான் துபாய்லேருந்து பாட்டில் கொண்டாந்தான். ஃபாரின் சரக்கு நல்லாத்தானே இருக்கும்?"

இருக்கலாம். நான் பார்ப்பது அளவை. வெளிநாட்டுப் பாட்டில்களில் ஒரு மாத்திரையிலேயே நம் அன்றாடத் தேவையைப் போலப் பல மடங்கு இருப்பது சகஜம். வைட்டமின் ஏ, டி, ஈ, கே நான்கும் கொழுப்பில் கரைந்து உடம்பில் தங்குபவை. வைட்டமின் ஈ-யைத் தினம் 400 யூனிட் போட்ட ஆண்களுக்கு புராஸ்டேட் புற்றுநோய் 17 சதவீதம் அதிகமானது என்று 2011-ல் ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு காட்டியது. கர்ப்பமாக இருப்பவர்கள் வைட்டமின் ஏ அதிகமுள்ள பாட்டிலைத் தொடவே கூடாது, குழந்தைக்கு ஊனம் வரலாம். பர்மா பஜாரில் வாங்குவதானால் இறக்குமதி செய்தவரின் முகவரியும், முதல் பதிலில் சொன்ன உரிம எண்ணும் ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள்.

"டாக்டர் வைட்டமின் டி எழுதினார். நல்லா இருந்துச்சு, நானே தொடர்ந்து வாங்கிப் போடுறேன். தப்பா?"

60,000 யூனிட் காப்ஸ்யூலா? அது வாரத்துக்கு ஒன்று, சில வாரங்களுக்கு மட்டும். 'வைட்டமின்தானே' என்று தினம் ஒன்று போட்டவர்களும் உண்டு. அளவு மீறினால் ரத்தத்தில் கால்சியம் ஏறும். தாகம், அடிக்கடி சிறுநீர், மலச்சிக்கல், வாந்தி வரும், சிறுநீரகம் கெடும். பழைய சீட்டைக் காட்டி வாங்காமல் டாக்டரிடம் திரும்பக் கேளுங்கள்.

இதோடு ஒரு சின்ன விஷயம். அட்டையைக் கத்தரித்து நாலு மாத்திரை வாங்கும்போது காலாவதித் தேதி பெரும்பாலும் எங்கள் பக்கத்துத் துண்டில் நின்றுவிடும். வாங்குவதற்கு முன் தேதியைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்டால் நாங்கள் கோபித்துக்கொள்ள மாட்டோம்.

"சுகர், தைராய்டு மாத்திரையோட சேத்துப் போடலாமா?"

தைராய்டு மாத்திரைக்கும் கால்சியம், இரும்புக்கும் நாலு மணி நேரம் இடைவெளி வேண்டும். இல்லாவிட்டால் தைராய்டு மாத்திரை உடம்பில் சேராது, டாக்டர் டோஸை ஏற்றிக்கொண்டே போவார். இதய வால்வு ஆபரேஷன் செய்து, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறவர்கள் எந்தச் சப்ளிமெண்டையும் கேட்காமல் தொடக் கூடாது. முடி கொட்டுவதற்குப் பயோட்டின் என்ற வைட்டமின் போடுகிறவர்கள் ரத்தம் கொடுக்கும்போது லேபில் சொல்லிவிடுங்கள். தைராய்டு ரிசல்ட்டையும், மாரடைப்புக்குப் பார்க்கும் டிரோபோனின் ரிசல்ட்டையும் அது தப்பாகக் காட்ட வைக்கும்.

சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் வருஷக்கணக்கில் போடுகிறவர்களுக்குப் பி12 குறையலாம். கால் மரத்துப்போனால் சர்க்கரையால் என்று மட்டும் முடிவுகட்டாமல் பி12-ம் பார்க்கச் சொல்லுங்கள்.

"நீங்களே விக்கிறீங்க, நீங்களே வேணாங்குறீங்க. அப்ப யாருக்குத்தான் தேவை?"

நியாயமான கேள்வி. கடைக்கு இதில் லாபம் உண்டு என்பதையும் சொல்லிவிடுகிறேன். அத்தியாவசிய மருந்துகளுக்கு அரசு விலை உச்சவரம்பு வைத்திருக்கிறது, சப்ளிமெண்ட் உணவு என்பதால் அந்த வரம்புக்குள் வராது. டிஸ்பிளேவில் முன்வரிசை எதற்குக் கிடைக்கிறது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

தேவைப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். கர்ப்பத்துக்குத் தயாராகும் பெண்ணுக்கு ஃபோலிக் அமிலம் கட்டாயம். குழந்தையின் முதுகுத்தண்டுக் குறைபாட்டை அது பெரிய அளவில் தடுக்கிறது என்பது 1991-லேயே உறுதியான விஷயம். கரு நின்ற பிறகு தொடங்கினால் தாமதம், அதற்கு முன்பே தொடங்க வேண்டும். கர்ப்பிணிக்கு இரும்பு, பால்கூடத் தொடாத சுத்த சைவர்களுக்குப் பி12, பரிசோதனையில் குறை தெரிந்தவர்களுக்கு அந்தக் குறைக்கு உரியது.

"மாமியாருக்கு 78 வயசு. தினம் ஒரு சத்து மாத்திரை குடுத்தாத்தான் நாங்க கவனிக்கிறோம்னு நினைக்கிறாங்க. நிறுத்துனா கோவிச்சுக்குறாங்க. இன்னா பண்றது?"

நிறுத்த வேண்டாம். சாதாரண அளவில் இருக்கும் ஒரு பி-காம்ப்ளெக்ஸோ மல்டிவைட்டமினோ அவருக்குக் கெடுதல் செய்யப்போவதில்லை. ஒன்றோடு நின்றால் போதும். மகள் ஒரு கால்சியம், மகன் ஒரு டானிக், பேரன் ஜெல்லி மிட்டாய் மாதிரி இருக்கும் வைட்டமின் 'கம்மி' பாட்டில் ஒன்று என்று ஆளுக்கு ஒன்று வாங்கி வரும் வீடுகளில்தான் ஒரே வைட்டமின் டி மூன்று பெயரில் உள்ளே போகும்.

வீட்டில் இருக்கும் எல்லா அட்டையையும் பாட்டிலையும் ஒரு பையில் போட்டு, அடுத்த தடவை பிபி பார்க்கப் போகும்போது டாக்டர் மேஜையில் கொட்டுங்கள். எது வேண்டாம் என்று அவரே எடுத்து வைக்கட்டும். மருமகள் நிறுத்தியதாக இருக்காது, டாக்டர் நிறுத்தியதாக இருக்கும். மீதியிருக்கும் அந்த ஒரு மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு நீங்களே கையில் எடுத்துக் கொடுங்கள்.